நாய்க்குட்டிபோல் பின்னால் வந்த மீன்: 300 ஆண்டுப் பழைய ஓவியத்தை நம்பலாமா?

ஒரு மீன் மணற்கரையில் பிடிபடுகிறது. பிடித்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மூன்று நாள் உயிரோடு இருக்கிறது. அந்த மூன்று நாளும் அவர் போகும் இடமெல்லாம் நாய்க்குட்டிபோல் பின்னாலேயே வருகிறது.

"சும்மா கதை விடுறாங்க!" என்றுதானே தோன்றுகிறது?

ஆனால் இது ஓர் அறிவியல் நூலில் அச்சான குறிப்பு. ஆம்ஸ்டர்டாம் நகரில் 1719ஆம் ஆண்டுவாக்கில் வெளிவந்த நூல் அது. குறிப்புக்குப் பக்கத்தில் அந்த மீனின் வண்ணப் படமும் உண்டு. கால்களைப் போன்ற துடுப்புகள், தவளையைப் போன்ற உடல். அதன் பெயர் 'சம்பியா'. டச்சு மொழியில் 'லோப்-விஸ்', அதாவது நடக்கும் மீன்.

அந்தப் படத்தை வரைந்தவர் சாமுவேல் ஃபலூர்ஸ். மீனை வீட்டில் வைத்திருந்ததாகச் சொல்பவரும் அவரே.

படத்தை நீண்ட காலம் பலர் நம்பவில்லை. அப்படி நம்பாததற்குக் காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த மீன் இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியக் கடற்பகுதிகளில்கூட அதன் உறவினர்கள் வாழ்கின்றன.

அப்படியானால் ஃபலூர்ஸ் சொன்னதில் எது உண்மை? எது கற்பனை? பழைய இயற்கை ஓவியங்களை இன்று நாம் எப்படிப் பார்க்க வேண்டும்?

இது என்ன மீன்?

தவளைமீன். இந்தக் குடும்பத்தில் சுமார் 50 இனங்கள் உள்ளன. வெப்பமான கடல்களில், பெரும்பாலும் பவளப்பாறைகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள கடலடியிலும் வாழ்கின்றன. ஆழ்கடல் இருட்டில் விளக்கேந்தித் திரியும் தூண்டில் மீன்களைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். தவளைமீன்கள் அவற்றின் தூரத்துச் சொந்தம்.

பார்த்தால் மீன் என்றே சொல்ல முடியாது. உருண்டையான உடல். வழக்கமான மீன் செதில்கள் கிடையாது. சில இனங்களுக்குத் தோல் முழுக்கச் சொரசொரப்பு, சிலவற்றுக்கு முடிபோன்ற நீட்சிகள். கடற்பஞ்சு பக்கத்தில் உட்கார்ந்தால் கடற்பஞ்சு மாதிரியே இருக்கும். பாறைமேல் உட்கார்ந்தால் பாறை மாதிரி. பல இனங்கள் சில நாள்களிலோ வாரங்களிலோ நிறத்தையே மாற்றிக்கொள்கின்றன.

பெரும்பாலான தவளைமீன்களின் நெற்றியில் ஒரு தூண்டில் இருக்கும். முதுகுத் துடுப்பின் முதல் முள்தான் அப்படி மாறியிருக்கிறது. நுனியில் புழுவையோ இறாலையோ போன்ற ஒரு சதைத்துண்டு. அதை ஆட்டினால் சின்ன மீன்கள் "சாப்பாடு!" என்று கிட்டே வரும். அடுத்த கணம் காணாமல் போகும்.

உண்மையில் 'கணம்' என்பதே அதிகம். தவளைமீன் வாயைத் திறந்து இரையை உள்ளே இழுக்கச் சுமார் 6 மில்லிவினாடிதான் ஆகும். நாம் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் பலமுறை சாப்பிட்டு முடிக்கக்கூடிய வேகம். வாயின் கொள்ளளவு 12 மடங்குவரை விரியும். தன் உடலளவு உள்ள இரையைக்கூட விழுங்கிவிடும்.

நடப்பது உண்மையா?

உண்மைதான். தவளைமீனின் மார்புத் துடுப்புகள் முழங்கை மடங்குவதுபோல் வளைந்திருக்கும். தொண்டைக்குக் கீழே இருக்கும் வயிற்றுத் துடுப்புகள் உடலைத் தாங்க உதவும். இந்த நான்கையும் ஊன்றிக் கடலடியில் மெதுவாக நடக்கும்.

வேகமாகப் போக வேண்டுமென்றால் இன்னொரு வழி வைத்திருக்கிறது. வாயில் தண்ணீரை நிரப்பி, மார்புத் துடுப்புக்குப் பின்னால் உள்ள சிறிய செவுள் துளைகள் வழியே பீய்ச்சியடிக்கும். அந்த உந்துதலில் உடல் முன்னால் போகும். ஜெட் விமானம் நகரும் அதே தத்துவம்.

ஆக, படத்தில் இருக்கும் 'கால்கள்' ஃபலூர்ஸின் கற்பனை இல்லை. அவர் அந்த மீனைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்குள் பின்னாலேயே வந்தது? அங்கேதான் சிக்கல். தவளைமீன் செவுள்களால் சுவாசிக்கும் மீன். அதற்குத் தண்ணீர் வேண்டும். தரையில் மூன்று நாள் நடமாட அதனால் முடியாது. தண்ணீர்த் தொட்டியில் மூன்று நாள் இருந்தது என்றால் நம்பலாம். நாய்க்குட்டிபோல் வீடு முழுக்கச் சுற்றியது என்றால் நம்ப முடியாது.

ஒரே குறிப்பில் பாதி மெய், பாதி மிகை. அந்த நூல் முழுக்க இப்படித்தான்.

வரைந்தவர் யார்?

சாமுவேல் ஃபலூர்ஸ் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியில் படைவீரராக இருந்தவர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்போன் தீவில் பணியாற்றினார். பிறகு அங்கேயே நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் தேவாலயப் பணிக்கு மாறினார்.

அம்போன் இன்று இந்தோனேசியாவின் மலுக்கு மாநிலத் தலைநகர் இருக்கும் தீவு. சிங்கப்பூரிலிருந்து சுமார் 2,700 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1605இல் போர்ச்சுகீசியரிடமிருந்து அதைப் பிடித்தார்கள். அவர்களைக் கவர்ந்தது கிராம்பு. ஆனால் அங்கு வந்து இறங்கியவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். உலகிலேயே மீன் வகைகள் மிக அதிகமாக உள்ள கடல்களில் ஒன்று அது.

மீனவர்கள் தினமும் கொண்டுவந்த மீன்களில் நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என்று எல்லா நிறமும் இருந்தன. வடகடலின் சாம்பல்நிற மீன்களையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது பெரிய அதிசயம். அதிகாரிகள் ஓவியங்கள் கேட்டார்கள். ஃபலூர்ஸ் வரைந்து கொடுத்தார். ஒரே படத்தைப் பலருக்காகத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

படத்தை வாங்குகிறவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். விசித்திரமான மீனுக்கு மவுசு அதிகம். இன்று சமூக ஊடகத்தில் 'லைக்' வாங்குவதற்காகப் படத்தின் நிறத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

மீன்களின் பெயர்களையும் கவனியுங்கள். நூலில் பல பெயர்கள் 'ஈக்கான்' என்ற மலாய்ச் சொல்லில் தொடங்குகின்றன. மீன் என்று அர்த்தம். நமக்குத் தெரிந்த சொல்தான். அம்போன் மீனவர்கள் சொன்ன பெயர்களை டச்சுக்காரர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். ஓவியரின் பெயர் நமக்குத் தெரிகிறது. மீனைப் பிடித்து, பெயரும் சொல்லிக் கொடுத்த மீனவர் ஒருவரின் பெயர்கூட அந்தப் படங்களோடு வரவில்லை.

தீவிலிருந்து நூலுக்கு: படம் கடந்த பாதை

ஃபலூர்ஸின் ஓவியங்கள் ஆம்ஸ்டர்டாமில் லூயி ரெனார்ட் என்ற நூல் பதிப்பாளரிடம் வந்து சேர்ந்தன. ரெனார்ட் சாதாரண ஆள் இல்லை. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காக ஒற்றராகவும் வேலை பார்த்தவர். நூலை அவர் மன்னர் முதலாம் ஜார்ஜுக்குச் சமர்ப்பித்தார்.

நூல் இரண்டு பாகம். மொத்தம் 100 படத்தாள்கள், 460 படங்கள். அவற்றில் 415 மீன்கள். நண்டு, இறால் வகைகள் 41. மீதி நான்கில் இரண்டு குச்சிப்பூச்சிகள், ஒன்று கடற்பசு. கடைசி ஒன்றுக்குப் பிறகு வருவோம்.

ஓர் ஓவியம் நூலாவதற்கு எத்தனை கை மாறியது என்று பாருங்கள்.

முதலில் ஃபலூர்ஸ் வரைந்தார். வரைந்ததைப் பார்த்துப் பிரதிகள் எடுக்கப்பட்டன. பிரதி கப்பலில் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே ஒரு செதுக்குநர் அதைச் செப்புத்தகட்டில் கோடு கோடாகச் செதுக்கினார். தகட்டில் மை தடவித் தாளில் அழுத்தினார்கள். கறுப்பு வெள்ளையாக வந்த அந்தத் தாளுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். அதனால் ஒரே நூலின் இரண்டு பிரதிகளில்கூட நிறம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது.

செதுக்கியவருக்கு அம்போன் எப்படி இருக்கும் என்றே தெரியாது. வண்ணம் தீட்டியவர் அந்த மீனை உயிரோடு பார்த்ததில்லை. ஒரு கோடு கொஞ்சம் விலகினால் போதும், துடுப்பு காலாகிவிடும். ஒரு புள்ளி கொஞ்சம் பெரிதானால் அது நட்சத்திரமாகிவிடும்.

உண்மையில் அப்படித்தான் ஆனது. சில மீன்களின் பக்கவாட்டில் சூரியன், நிலா, நட்சத்திரம், ஏன் மனித முகம்கூட இருக்கிறது! முதல் பாகத்துப் படங்களைவிட இரண்டாம் பாகத்துப் படங்களில் கற்பனை அதிகம்.

அந்த 460வது படம்

அது ஒரு கடற்கன்னி.

கிண்டல் இல்லை. இடுப்புவரை பெண், அதற்குக் கீழே மீன். அம்போன் பகுதியில் பிடிபட்டதாகக் குறிப்பு சொல்கிறது. நீளம் 59 அங்குலம். தொட்டித் தண்ணீரில் 4 நாள் 7 மணி நேரம் உயிரோடு இருந்ததாம். அவ்வப்போது எலிபோல் கீச்சிட்டதாம். கொடுத்த மீனையும் நண்டையும் தொடவே இல்லையாம்.

விவரங்களின் துல்லியத்தைக் கவனித்தீர்களா? 'சில நாள்' என்று சொல்லவில்லை, '4 நாள் 7 மணி நேரம்' என்கிறார்கள். எண் துல்லியமாக இருந்தால் தகவலும் உண்மையாகத்தான் இருக்கும் என்று மனம் தானாகவே நம்பிவிடுகிறது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் பொய்த் தகவல்களும் இதே உத்தியைத்தான் பயன்படுத்துகின்றன.

படங்கள் உண்மையே என்று உறுதி சொல்லும் சான்றுரைகளையும் ரெனார்ட் நூலில் சேர்த்திருந்தார். கடற்கன்னிப் படம் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டரின் ஆர்வத்தைக்கூடத் தூண்டியது. அம்போனில் வாழ்ந்த மதகுரு ஃபிரான்சுவா வலென்டைனிடம் அதைப் பற்றி ரெனார்ட் விசாரித்தார்.

பலன்? கடற்கன்னியை நம்பாத அறிஞர்கள் நூலில் உள்ள மற்ற மீன்களையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஒரு பொய் அகப்பட்டால் பக்கத்தில் இருக்கும் மெய்யும் அடிபடும். நடக்கும் மீனும் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டது.

உண்மை எவ்வளவு? கண்டுபிடித்தது எப்படி?

இந்தக் கேள்வியைப் பொறுமையாக ஆராய்ந்தவர் தியடோர் பீச். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர். தவளைமீன்களைப் பற்றி உலகில் அதிகம் தெரிந்தவர்களில் ஒருவர். 1987இல் டேவிட் குரோபெக்கருடன் சேர்ந்து தவளைமீன்களுக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். 1995இல் ரெனார்டின் நூலை விரிவான ஆய்வுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இன்று நாம் அறிந்த மீன்களோடு ஒப்பிட்டார். கண்ணைப் பறிக்கும் நிறத்தையும் நட்சத்திரங்களையும் ஒதுக்கிவிட்டு, உடலின் வடிவம், துடுப்பின் இடம், கோடுகளின் போக்கு ஆகியவற்றைப் பார்த்தார். பெரும்பாலான படங்களுக்குப் பின்னால் உண்மையான ஒரு மீன் இருப்பது தெரிந்தது. முழுக்க முழுக்கக் கற்பனை என்று தள்ள வேண்டியவை சிறு பகுதிதான்.

'பொய்ப் புத்தகம்' என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்குள் அம்போன் கடலின் ஒரு பதிவேடு இருந்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு வலுவான ஆதாரம் வரத் தொடங்கிவிட்டது. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், டச்சு ராணுவ மருத்துவராக இருந்தவர் பீட்டர் பிளேக்கர். தீவுக்கூட்டம் முழுவதிலிருந்தும் மீன்களை வரவழைத்து ஆராய்ந்தார். அம்போன் மீன்களும் அவற்றில் ஏராளம். 1862 முதல் வெளிவந்த அவருடைய பெரிய வண்ணப்பட நூல், அந்தக் கடலின் மீன்கள் உண்மையிலேயே எவ்வளவு வண்ணமயமானவை என்பதைக் காட்டியது.

மீனையே அனுப்பியிருக்கலாமே, ஏன் ஓவியம்?

நல்ல கேள்வி. அனுப்பினார்கள். ஆனால் மீன் இறந்த சிறிது நேரத்திலேயே நிறம் மங்கத் தொடங்கிவிடும். ஈரச்சந்தையில் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு இது தெரியும். கெடாமல் இருக்கச் சாராயத்தில் போட்டு வைத்தால் உடல் மிஞ்சும், நிறம் மிஞ்சாது. கொஞ்ச நாளில் மீன் வெளிறிப்போய்விடும்.

அப்போது புகைப்படமும் இல்லை. மீனின் நிறத்தைப் பாதுகாக்க இருந்த ஒரே வழி, அது வாடுவதற்குள் ஒருவர் உட்கார்ந்து வரைவதுதான்.

அதனால் ஓவியமும் குப்பியும் வேறு வேறு சாட்சிகள். எத்தனை முள், எத்தனை பல், எலும்பு எப்படி என்று குப்பி சொல்லும். உயிரோடு இருந்தபோது அது எப்படித் தெரிந்தது என்று ஓவியம் சொல்லும். ஒன்று மட்டும் இருந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை 2008இல் ஒரு மீன் காட்டியது. அதுவும் அதே அம்போனில்.

300 ஆண்டு கழித்து அம்போனில் இன்னொரு 'நம்ப முடியாத' மீன்

2008 ஜனவரியில் அம்போன் துறைமுகப் பகுதியில் முக்குளிப்பாளர்கள் ஒரு மீனைப் பார்த்தார்கள். முகம் தட்டை. கண்கள் இரண்டும் மனிதனுக்கு இருப்பதுபோல் முன்னோக்கிப் பார்த்தன. உடல் முழுக்க வெள்ளையும் மங்கலான ஆரஞ்சும் மாறி மாறிச் சுழல் கோடுகள். கண்களிலிருந்து கதிர்கள் கிளம்புவதுபோல் அந்தக் கோடுகள் பரவியிருந்தன. நீச்சலைவிடக் குதித்துக் குதித்துப் போவதுதான் அதிகம். ரப்பர் பந்து துள்ளுவதுபோல் கடலடியில் துள்ளிச் சென்றது.

படங்கள் பீச்சின் கைக்குப் போயின. மரபணுச் சோதனையும் செய்து பார்த்தார்கள். அதுவும் தவளைமீன்தான், ஆனால் அதுவரை பெயரிடப்படாத இனம். 2009இல் பீச்சும் அவருடைய குழுவினரும் அதற்கு 'ஹிஸ்டியோஃப்ரைனி சைக்கடெலிக்கா' என்று பெயர் வைத்தார்கள். கண்ணைச் சுழற்றும் அந்தக் கோடுகளுக்காக வந்த பெயர்.

கதையின் சுவாரஸ்யமான பகுதி இனிமேல்தான்.

அதே இனத்தைச் சேர்ந்த இரண்டு மீன்கள் 1992இலேயே பீச்சிடம் வந்திருந்தன. பாலியிலிருந்து அமெரிக்காவின் டல்லஸ் நகர மீன் காட்சியகத்துக்கு வந்த மீன்களில் அவையும் இருந்தன. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டு, குப்பிக்குள் போய், அலமாரியில் உட்கார்ந்தன. சாராயத்தில் நிறம் போய்விட்டது. ஏற்கெனவே தெரிந்த ஓர் இனத்தின் வேறு வடிவம் என்று எண்ணப்பட்டது.

தவளைமீன்களை உலகிலேயே நன்றாகத் தெரிந்தவர்களில் ஒருவரின் அலமாரியில், பெயரில்லாத ஒரு புதிய இனம் சுமார் 17 ஆண்டு இருந்திருக்கிறது. உயிருள்ள மீனின் படங்கள் வந்த பிறகுதான் அது தெரிந்தது. நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தபோது, வெளிறிய தோலிலும் கோடுகளின் தடம் தெரிந்தது.

இந்த மீனை 1710இல் ஃபலூர்ஸ் பார்த்து வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடற்கன்னிக்குப் பக்கத்தில் வைத்துச் சிரித்திருப்பார்கள்.

மலாக்காவில் நடந்தது என்ன?

இயற்கை ஓவியம் அம்போனோடு நின்றுவிடவில்லை. நூறு ஆண்டு கழித்து நம் வட்டாரத்திலேயே ஒரு பெரிய தொகுப்பு உருவானது.

வில்லியம் ஃபார்க்குவார் 1803 முதல் 1818 வரை மலாக்காவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்தார். பிறகு 1819இல் சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் ஆனார். மலாக்காவில் இருந்தபோது அவர் உள்ளூர்ச் செடிகொடிகள், விலங்குகள், பறவைகள், மீன்கள் எனப் பலவற்றை ஓவியமாக வரையச் செய்தார். மொத்தம் 477 நீர்வண்ண ஓவியங்கள்.

அவை சிங்கப்பூர் திரும்பிய கதையும் உண்டு. லண்டனில் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியிடம் இருந்த தொகுப்பு 1993இல் ஏலத்துக்கு வந்தது. சிங்கப்பூர்த் தொழிலதிபர் கோ கியோக் கிம் அதை 3 மில்லியன் வெள்ளிக்கு வாங்கி, சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அரும்பொருளகத்தின் கண்ணாடிக் குவிமாடத்தில் 2016இல் திறக்கப்பட்ட 'காட்டின் கதை' மின்னிலக்கப் படைப்பில் பூக்கள் உதிர, விலங்குகள் நடமாடியதைப் பள்ளிப் பயணத்தில் பார்த்திருக்கிறீர்களா? அது இந்தத் தொகுப்பின் 69 ஓவியங்களிலிருந்து உருவானது.

ஃபலூர்ஸின் படங்களோடு ஒப்பிட்டால் மலாக்கா ஓவியங்களில் நிதானம் அதிகம். கடற்கன்னி கிடையாது. விலங்குகள், செடிகளின் மலாய்ப் பெயர்களும் குறிக்கப்பட்டுள்ளன.

ஆனால் வரைந்தவர்களின் பெயர் தெரியாது. சீன ஓவியர்கள் என்று கருதப்படுகிறது, அவ்வளவுதான். தொகுப்பு ஃபார்க்குவாரின் பெயரில் இருக்கிறது. தூரிகை பிடித்தவர்களுக்குப் பெயர் இல்லை. அம்போன் மீனவர்களுக்கு நடந்ததும் அதுவே. அறிவியல் வரலாற்றில் யார் பெயர் நிற்கிறது, யார் பெயர் நிற்பதில்லை என்பதையும் இந்தப் படங்கள் நமக்குச் சொல்கின்றன.

பழைய இயற்கை ஓவியத்தைப் பார்க்கும்போது என்ன கேட்கலாம்?

இணையத்தில் இப்போது ரெனார்டின் நூல் உட்படப் பல பழைய படங்களைக் காண முடிகிறது. விசித்திரமான மீன் ஒன்று உங்கள் திரையில் வந்தால் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. வரைந்தவர் நேரில் பார்த்தாரா? பார்த்து வரைந்த படமும், கேள்விப்பட்டு வரைந்த படமும் ஒன்றல்ல.

2. மீன் அப்போது எந்த நிலையில் இருந்தது? உயிருள்ள மீன், சந்தையில் கிடந்த மீன், குப்பி மீன் மூன்றும் மூன்று நிறம் காட்டும்.

3. படம் எத்தனை கை மாறியது? மூல ஓவியம், பிரதி, செதுக்கல், கைவண்ணம் என்று ஒவ்வொரு படியிலும் பிழை புகலாம்.

4. படமும் எழுத்தும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா? நடக்கும் மீன் விஷயத்தில் படம் ஓரளவு சரி, குறிப்பு மிகை. இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

5. வேறு ஆதாரம் உண்டா? இன்னொரு நூல், பாதுகாக்கப்பட்ட உடல், உயிருள்ள மீன் என ஏதாவது ஒன்று ஒத்துப்போக வேண்டும். கடற்கன்னி தோற்றது இந்தக் கேள்வியில்தான். தவளைமீன் வென்றதும் இதே கேள்வியில்தான்.

இப்போது இது ஏன் முக்கியம்?

இன்று எதிர்மாறான பிரச்சினை. செயற்கை நுண்ணறிவு சில வினாடிகளில் எந்த மீனையும் உருவாக்கித் தந்துவிடும். நட்சத்திரம் பதித்த மீன் வேண்டுமா, மனித முகம் கொண்ட நண்டு வேண்டுமா, கேட்டது கிடைக்கும். அதனால் உண்மையான சைக்கடெலிக் தவளைமீனின் படத்தைப் பார்த்தாலும், "இது ஏஐ-தானே?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.

எல்லாவற்றையும் நம்பினால் கடற்கன்னியையும் நம்ப வேண்டிவரும். எதையுமே நம்பவில்லை என்றால் நடக்கும் மீனைத் தவறவிடுவோம். ரெனார்டின் வாசகர்கள் இந்த இரண்டு தவறுகளையும் செய்தார்கள். படத்தை எடுத்துக்கொண்டு போய் மீனோடு ஒப்பிட்டுப் பார்க்க யாராவது மெனக்கெட வேண்டியிருந்தது. அதற்குக் கிட்டத்தட்ட 300 ஆண்டு ஆனது.

ஒப்பிடுவதற்கு மீனும் இருக்க வேண்டும். பவளப்பாறைகளும் சேற்றுக்கரைகளும் அழிந்தால் ஓவியம் மட்டும்தான் மிஞ்சும். பிறகு எது மெய், எது மிகை என்று யாராலும் சொல்ல முடியாது.

நல்லவேளையாக, தவளைமீன் விஷயத்தில் அந்த நிலை வரவில்லை. சிங்கப்பூரின் கரையோரங்களிலும் தவளைமீன்கள் பதிவாகியிருக்கின்றன. அடுத்தமுறை நீர் வற்றும் நேரத்தில் இயற்கை ஆர்வலர்களோடு கடற்கரை நடைக்குப் போனால் கடற்பஞ்சுகளையும் பாசி படிந்த கற்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவற்றில் ஒன்றுக்குக் கண் இருக்கலாம். தொட வேண்டாம், தூக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். நிச்சயமாக உங்கள் பின்னால் வராது.